பாம்பெர்க்கில் பீர் குடிக்கப் போகிறவர்களுக்கு: மேலே மேசை, கீழே நிலவறை

ஜெர்மனிக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பீர் என்றால் மியூனிக்தான். விமானம் ஏறுவதற்கு முன்பே அக்டோபர்ஃபெஸ்ட் எப்போது, அந்தப் பெரிய கூடத்தில் இடம் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் விசாரணை தொடங்கிவிடும். நான் குடியிருப்பது எர்லாங்கனில். இங்கிருந்து வடக்கே ரயில் ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் பாம்பெர்க். அதனால் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். மியூனிக் அவர்கள் பாடு.

காரணம் எளிது. பாம்பெர்க்கில் பீர் காய்ச்சுகிற வீடும் அதை ஊற்றிக் கொடுக்கிற கடையும் பெரும்பாலும் ஒன்றுதான். சுமார் எண்பதாயிரம் பேர் வாழும் ஊர். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்தச் சின்ன ஊருக்குள் சுமார் பத்து பீர் ஆலைகள் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கூடம், சொந்தச் சமையல்கட்டு, சொந்த வாடிக்கையாளர்கள். பல ஆலைகளுக்கு ஊரை ஒட்டிய குன்றுகளில் மணற்பாறையைக் குடைந்து எடுத்த நிலவறைகளும் இருந்தன. இந்த நிலவறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால், மேசையில் நடப்பவை பாதிக்கு மேல் தானாகப் புரியும். தெரியாமல் போனால் பீரில் நுரை ஏன் இவ்வளவு குறைவு, சாப்பாட்டை ஏன் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள், மலை மேல் ஏன் மரத்தடியில் உட்காருகிறார்கள் என்று எல்லாமே விசித்திரமாகத்தான் தெரியும்.

பழைய காலத்தில் இங்கே பீர் குளிர்காலச் சரக்கு. அடியில் படிகிற ஈஸ்ட் வகை குளிர்ச்சியில்தான் நிதானமாக வேலை செய்யும். வெயில் காலத்தில் காய்ச்சினால் பீர் புளித்துக் கெட்டுவிடும். பவேரியாவில் (இன்று பாம்பெர்க்கும் மியூனிக்கும் இருக்கும் ஜெர்மன் மாநிலம்) 1553இல் இதைச் சட்டமாகவே போட்டார்கள்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம். பாம்பெர்க் அப்போது பவேரியாவைச் சேர்ந்ததல்ல, கத்தோலிக்க ஆயர் (பிஷப்) ஒருவர் ஆண்ட தனி நாடு. பீரில் என்ன சேர்க்கலாம் என்ற சட்டத்தை 1489இலேயே போட்டுவிட்ட ஊர். எல்லோரும் பேசும் பவேரியத் தூய்மைச் சட்டம் 1516இல்தான் வந்தது. இதை பாம்பெர்க்காரர் யாரிடமாவது எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

சரி, குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கோடை முழுவதும் எங்கே வைப்பது? ஊருக்குள் ரெக்னிட்ஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றோரத்தில் ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அதனால் குன்றுக்குப் போனார்கள். பாறையைக் குடைந்தால் உள்ளே வருடம் முழுவதும் பத்து டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி. குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக்கொண்டு வந்து உள்ளே அடுக்கினால் இன்னும் குளிரும். மேலே வெயில் படாமல் இருக்க அகன்ற இலை உள்ள செஸ்ட்நட், லிண்டன் மரங்களை நட்டுத் தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். கீழே பீப்பாயில் குளிர்ந்த பீர், மேலே நிழல். வெயில் காலத்து மாலையில் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெஞ்சு வந்தது, மேசை வந்தது, கூட்டமும் வந்தது. 1870களில் கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு நிலவறைக்கான தேவை போய்விட்டது. ஆனால் மரமும் பெஞ்சும் அப்படியே நின்றுவிட்டன.

இந்தத் தடவை வந்தவர்கள் மதுரையிலிருந்து மாமாவும் அத்தையும். மாமாவுக்கு பீர் பிடிக்கும். அத்தை சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இந்த ஜோடியை ஒரு ஜெர்மன் பீர்க் கூடத்தில் உட்கார வைத்துப் பசியாற்றிவிட்டால் வேறு யாரையும் சமாளித்துவிடலாம்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பயர்ன் டிக்கெட் எடுத்தேன். ஐந்து பேர் வரை ஒரு டிக்கெட்டில் போகலாம், பவேரியா முழுவதும் நாள் பூராவும் செல்லும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். காரில் போகும் யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். ஓட்டுகிறவர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது பாவம், குடித்தால் அதைவிடப் பாவம். இங்கே ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5தான் வரம்பு. 21 வயது ஆகாதவர்களுக்கும், புதிதாக உரிமம் வாங்கித் தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் பூஜ்யம். அரை லிட்டர் சாதாரண பீரில் கிட்டத்தட்ட 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. குவளை பார்க்கச் சாதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடக்கும் வழியிலேயே, ஓபெரே கோனிக்ஸ்ட்ராசே தெருவில், இரண்டு ஆலைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு பக்கம் 1536இலிருந்து இருக்கும் ஷ்பெட்சியால், மறுபக்கம் 1649இல் தொடங்கிய ஃபெஸ்லா. காலையிலேயே உள்ளே ஆட்கள் குவளையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அத்தை என் முகத்தைப் பார்த்தார். "இவங்களுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லையாப்பா?" ஞாயிற்றுக்கிழமை அத்தை, என்றேன். சர்ச்சில் பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பீர் குடிப்பது இந்தப் பக்கத்தில் கெட்ட பழக்கமே அல்ல. தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே மேசையில் இருப்பார்கள், பேரன் கையில் ஆப்பிள் சாறு.

இரண்டு கடையிலும் நுழையாமல் நேரே கூட்டிப்போனேன். இதில் என் கொள்கை உறுதி: பாம்பெர்க்கின் புகை பீரைச் சாப்பாட்டோடுதான் முதலில் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் முதல் வாயோடு வேண்டாம் என்று வைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பேராலயத்துக்குக் கீழே, டொமினிக்கானெர்ஸ்ட்ராசே தெருவில், குறுக்கு மரச் சட்டங்கள் தெரியும் பழைய வீடுதான் ஷ்லெங்கெர்லா. 1405ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இந்த வீட்டின் பெயர் இருக்கிறது. உள்ளே கறுத்துப்போன மர உத்தரங்கள், நீள மேசைகள், ஒரு பக்கம் பழைய மடத்தின் கவிகை மண்டபம். இசை கிடையாது, டிவி கிடையாது. பேச்சுச் சத்தம் மட்டும்தான், அதுவே போதுமான அளவுக்கு இருக்கும். பீர் இங்கே மரப் பீப்பாயிலிருந்து நேராகக் குவளைக்கு இறங்குகிறது. மேலிருந்து கீழே தானாக ஊற்றுகிறதே தவிர, வாயு அழுத்தித் தள்ளுவதில்லை. ஆலை மட்டும் இங்கே இல்லை. அது ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் மேல், பழைய நிலவறைகளுக்கு மேலேயே இருக்கிறது.

இடம் பிடிப்பதில்தான் நம்மவர்கள் தயங்கி நிற்பார்கள். வாசலில் நின்று யாராவது வந்து உட்கார வைப்பார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கூடங்களில் காலி மேசை தேடக் கூடாது, காலி நாற்காலி தேட வேண்டும். எட்டுப் பேர் மேசையில் இரண்டு பேர் இருந்தால் மீதி ஆறு இடமும் பொது. கிட்டே போய் "இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?" (இங்கே இடம் காலியா?) என்று கேட்டு, அவர்கள் தலையசைத்ததும் உட்காரலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் மேசை நடுவில் 'ஷ்டாம்டிஷ்' என்று ஒரு பலகையோ இரும்புச் சின்னமோ நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது வாடிக்கையாளர்களின் மேசை. பல வருடங்களாக ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் உட்காருவார்கள். கூடமே காலியாக இருந்தாலும் அது காலி இல்லை. இன்னொன்று, முன்பதிவுச் சீட்டு இருக்கும் மேசையைப் பார்த்ததும் ஒதுங்கிவிட வேண்டாம். மாலை 6 மணி என்று எழுதியிருந்தால் மதியம் தாராளமாக உட்காரலாம், ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

எங்கள் மேசையில் ஏற்கெனவே வயதான தம்பதி இருந்தார்கள். மாமா கையெடுத்து வணக்கம் வைத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே பதிலுக்குத் தலை வணங்கினார்கள். அப்புறம் எழும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிராங்கன் பகுதிக்காரர்கள் (பவேரியாவின் வடக்கே, பாம்பெர்க், எர்லாங்கன் எல்லாம் சேர்ந்த பகுதி) அப்படித்தான். பக்கத்தில் உட்காரவிடுவார்கள், நாமாகப் பேச்செடுத்தால் பேசுவார்கள், இல்லையென்றால் அமைதி. கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்தப் புகை. பீருக்கு பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள், பிறகு காயவைப்பார்கள். முன்காலத்தில் காயவைக்கக் கீழே விறகு எரித்தார்கள், புகை தானியத்தின் ஊடே போய் ஏறியது. அதனால் ஒரு காலத்தில் எல்லா ஊர் பீரும் கொஞ்சம் புகை பீர்தான். புகை படாமல் சூடான காற்றில் காயவைக்கும் முறை வந்ததும் மற்ற ஊர்கள் மாறிக்கொண்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லாவும் ஷ்பெட்சியாலும் மட்டும் இன்றுவரை தாங்களே பார்லியை முளைகட்டி, பீச் மர விறகுப் புகையில் காயவைத்து, அதில் பீர் காய்ச்சுகிறார்கள். புகை எசன்ஸ் எதுவும் கலப்பதில்லை, எல்லாம் தானியத்தில் ஏறியதுதான்.

குவளை வந்தது. கருஞ்சிவப்பு, மேலே பழுப்பேறிய நுரை, 5.1 சதவீதம். மாமா முகர்ந்து பார்த்தார், ஒரு மடக்கு குடித்தார், குவளையை இறக்கி வைத்தார். "என்ன மாப்ள இது, கருவாடு சுட்ட வீட்டு அடுப்படில உக்காந்து பீர் குடிக்கிற மாதிரி இருக்கு." அது கிட்டத்தட்டச் சரியான விவரணை. ஐரோப்பியர்கள் பன்றி இறைச்சி வாசனை என்பார்கள், மாமாவுக்குக் கருவாடு. முதல் வாயில் வினோதமாக இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று அந்தக் கடையே பாரம்பரியமாகச் சொல்லிவருகிறது. அது வியாபாரப் பேச்சு மட்டும் அல்ல. மூக்கு புகைக்குப் பழகியதும் அடியில் இருக்கும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்பும், கடைசியில் வரும் கசப்பும் தெரிய ஆரம்பிக்கும். மாமா அரைக் குவளை தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு வந்தபோது இரண்டாவது குவளைக்குக் கை தூக்கினார்.

ருசி பார்க்கச் சின்னச் சின்னக் குவளையில் நாலு வகை கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாதிரிப் பழைய கூடங்களில் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு ஒரு முக்கிய பீர், அது அரை லிட்டர், அதை அங்கே குடி. அடுத்த வகை வேண்டுமென்றால் அடுத்த கடைக்கு நட. எனக்கு இது பிடித்த ஏற்பாடு. நாலு மாதிரியை வரிசையாக வைத்து மார்க் போடுகிறவர்கள் கடைசியில் எதையும் குடித்ததாகத் தெரியவில்லை. புகையைப் பார்த்துப் பயந்தால் ஷ்பெட்சியாலில் ஆரம்பிக்கலாம், அங்கே புகை மென்மை. புகையே வேண்டாமென்றால் ஊரின் தெற்கே வுண்டர்புர்க் பகுதியில் மார்ஸ் ப்ரோய் இருக்கிறது. அங்கே பீப்பாயின் வாயை இறுக அடைக்காமல் முதிரவிட்ட, வடிகட்டாத பீர் பெயர் பெற்றது. வாயு வெளியே போய்விடுவதால் நுரை குறைவு, வயிறு உப்பாது, கலங்கலாக இருக்கும். கெட்டுப்போன பீர் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதைக் கேட்க உள்ளூர்க்காரர்கள் "ஆ ஊ" என்பார்கள். ஆ ஊ என்றால் பீர் வருகிற கடை வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

பரிமாறுகிறவர் ஒவ்வொரு குவளைக்கும் உங்கள் முன்னால் இருக்கும் அட்டை வட்டின் ஓரத்தில் ஒரு கோடு போடுவார். அதுதான் கணக்குப் புத்தகம். குழந்தைகள் அதை எடுத்துக் கிழித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஞாபகார்த்தமாகப் பைக்குள் போடுவதையும் பில் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கொலோன் பக்கம் போனால் அந்த அட்டைக்கு இன்னொரு வேலை உண்டு. அங்கே 0.2 லிட்டர் ஒல்லிக் குவளையில் பீர் வரும். காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும். போதும் என்றால் அட்டையைக் குவளை மேல் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் நிற்கவே நிற்காது. பாம்பெர்க்கில் அந்த அவசரம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாமா சொன்னது பாம்பெர்க் வெங்காயம். பெரிய வெங்காயத்தைக் குடைந்து உள்ளே கொத்துக்கறி அடைத்துச் சமைத்து, மேலே பன்றி இறைச்சித் துண்டு வைத்து, புகை பீர் சேர்த்த குழம்பு ஊற்றி, மசித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். அவருக்கு முழுத் திருப்தி. நான் சொன்னது ஷொய்ஃபெர்லா. பன்றியின் தோள்பட்டைக் கறியை எலும்போடும் தோலோடும் மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து எடுப்பார்கள். கறி கரண்டியிலேயே பிரியும், மேல் தோல் மட்டும் நொறுங்கும். கூடவே உருளைக்கிழங்கில் செய்த பெரிய உருண்டை, அதற்குக் கறிக் குழம்பு. ஃபிராங்கன் பகுதியின் ஞாயிறு மதியம் என்றால் இதுதான். பல இடங்களில் மதியத்தில் தீர்ந்துவிடும், ஒரு மணிக்கு மேல் போய்க் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடும். சூடான சமையலும் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி நின்று, மாலை ஐந்துக்கு மேல்தான் மறுபடி தொடங்கும் கடைகள் நிறைய. இடைப்பட்ட நேரத்தில் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சிதான். பசியோடு மூன்று மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

மாட்டிறைச்சி தொடாதவர்களுக்கு இந்தப் பகுதி ஓரளவு வசதி, பெரும்பாலும் பன்றிதான். சவர்ப்ராட்டன் என்று இருந்தால் பொதுவாக மாடு. லேபர்கேஸ் என்ற இறைச்சிப் பாளத்தில் இரண்டும் கலந்திருக்கும். வெள்ளைத் தொத்திறைச்சியில் கன்றுக்கறி. பன்றி சாப்பிடாதவர்களுக்கு மீன்தான் நல்ல வழி. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தப் பக்கத்துக் குளங்களின் கெண்டை மீன் கிடைக்கும். ஐஷ் ஆற்றுப் பகுதிக் கெண்டைக்குத் தனிப் பெயர் உண்டு. மீனை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, தலை வால் துடுப்போடு பொரித்துத் தட்டில் நிற்கவைப்பார்கள். முள் உண்டு, அது நமக்குப் பிரச்சினையே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் முள்ளோடு போராடிக்கொண்டிருக்கும்போது நாம் முடித்துவிடுவோம். மொறுமொறுத்த வால் துண்டை விட்டுவிடாதீர்கள்.

காரம் இல்லையே என்று வருந்துகிறவர்கள் குதிரைமுள்ளங்கித் துருவலைக் கேட்டு வாங்குங்கள். 'க்ரேன்' என்பார்கள். எர்லாங்கனை அடுத்த பயர்ஸ்டார்ஃப் இதற்குப் பேர்போன ஊர். நாக்கில் பெரிதாகத் தெரியாது. நேராக மூக்குக்கு ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும், அரை நிமிடத்தில் ஆளைக் காணோம். மாமா இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

அத்தை விஷயம் வேறு. சைவம் என்று எழுதியிருக்கும் பண்டங்களில் முட்டை இருக்கும். சீஸ் ஸ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் மாவே முட்டை போட்டுத்தான் பிசைவார்கள். சவர்கிரௌட் முட்டைக்கோஸ்தானே என்று எடுத்துக்கொள்ள முடியாது, பன்றிக்கொழுப்பிலோ இறைச்சித் துண்டோடோ வேகவைப்பது வழக்கம். வறுத்த உருளைக்கிழங்கிலும் அப்படியே. உருளைக்கிழங்கு சாலட்டில் இந்தப் பக்கம் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவார்கள். ரொட்டியோடு சின்னக் கிண்ணத்தில் வெள்ளையாக ஒன்று வந்தால் வெண்ணெய் என்று தடவிவிடாதீர்கள். அது பன்றி நெய்யாக இருக்கலாம், வறுத்த வெங்காயம் வேறு மணக்க மணக்கப் போட்டிருப்பார்கள். பிரெட்ஸலில்கூடச் சில பேக்கரிகள் கொழுப்பு சேர்க்கும். "ஓனே ஃப்ளைஷ்" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் கேட்டால் கறித்துண்டு இல்லாமல் வரும், அவ்வளவுதான். கொழுப்பு, சாறு, முட்டை மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான் ஜெர்மனில் நாலு வரி எழுதி போனில் வைத்திருக்கிறேன், பரிமாறுகிறவரிடம் அதைக் காட்டிவிடுவேன். அவர் சமையல்கட்டில் போய்க் கேட்டு வந்து சொல்வார். முகம் சுளித்தவர்களை இதுவரை பார்த்ததில்லை.

அத்தைக்குக் கடைசியில் உருளைக்கிழங்கு உருண்டையும் காளான் குழம்பும் கிடைத்தது. மாலையில் குன்றின் மேல் வெங்காயம், ஸ்ப்ரிங் ஆனியன் வகைத் தழை சேர்த்த தயிர்ப் பாலாடை, ரை (rye) தானிய ரொட்டி. "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, மத்தபடி நல்லா இருக்கு" என்றார். அத்தையிடம் இது பெரிய பாராட்டு. குடிக்க ஆப்பிள் ஷோர்லே, அதாவது ஆப்பிள் சாறும் சோடாவும். தண்ணீர் கேட்டால் பாட்டில் சோடாதான் வரும், காசும் உண்டு. சாதாரணத் தண்ணீர் வேண்டுமென்றால் "ஷ்டில்லெஸ் வாஸர்" என்று சொல்ல வேண்டும். ஆல்கஹால் இல்லாத பீர் எங்கும் கிடைக்கும், ஆனால் அதிலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு துளியும் கூடாது என்பவர்கள் அதையும் தவிர்க்கட்டும்.

பில்லைப் பற்றி. அட்டைக் கோடுகளை எண்ணி, சாப்பாட்டைக் கூட்டி, மேசையிலேயே தொகை சொல்வார்கள். சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார்கள். இங்கே தனித்தனியாகக் கொடுப்பது சாதாரணம். நாங்கள் கொடுக்கிறோம் நீ கொடுக்கிறாய் என்று நம் ஊர்ப் பாணியில் கை பிடித்து இழுக்க ஆரம்பித்தால் பரிமாறுகிறவர் பாவம், பையைத் திறந்துகொண்டு நிற்பார். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இல்லை. 56 யூரோ என்றால் 60 என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும், ஐந்திலிருந்து பத்து சதவீதம் போதும். ரொக்கம் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பக்கம் ஒரு கூடத்தில் கார்டு வாங்க மாட்டோம் என்று சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்கள். அடுத்த ஊர் ஏ.டி.எம்.முக்கு நண்பர் சைக்கிளில் போய் வரும் வரை மீதிப் பேர் பணயமாக உட்கார்ந்திருந்தோம். சும்மா இருப்பானேன் என்று இன்னொரு ரவுண்டு சொன்னதில் பில் இன்னும் ஏறியது.

மதியத்துக்கு மேல் ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றில் ஏறினோம். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. சாப்பிட்ட ஷொய்ஃபெர்லாவுக்கு அது நல்லதுதான். மேலே வானாய்வகத்துக்கு அருகே ஷ்பெட்சியாலின் தோட்டம் இருக்கிறது. கீழே ஊரும், பேராலயத்தின் நாலு கோபுரமும், எதிர்க் குன்றில் மிஷெல்ஸ்பெர்க் மடமும் தெரியும். பாம்பெர்க்கில் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கூடத்தை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன். வெயில் நாளாக இருந்தால் மட்டும். மழை பெய்தால் இந்தத் தோட்டங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடியிருக்கும். சில கோடைக்கு மட்டும் திறப்பவை. புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரித் தோட்டங்கள் பலவற்றில் பீரை ஜன்னலில் நாமே போய் வாங்க வேண்டும், குவளைக்கு முன்பணம் வைக்க வேண்டும். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து அத்தைக்கு ஆச்சரியம். இது பழைய ஒப்பந்தம். மியூனிக்கில் 1812இல் மன்னர் மாக்ஸிமிலியன், நிலவறைக்காரர்கள் பீர் ஊற்றலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களின் பிழைப்பு கெடக் கூடாதே என்றுதான். பீர் கடையுடையது, சாப்பாடு நம்முடையது என்ற பழக்கம் பல தோட்டங்களில் இன்னும் நடக்கிறது. ஃபிராங்கனிலும் நிறைய இடங்களில் அனுமதிக்கிறார்கள். பானத்தை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அத்தை அப்போதே அடுத்த தடவைக்கு எலுமிச்சை சாதமா புளியோதரையா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டுவிட்டுப் பிரியுங்கள், சாப்பிட்ட இடத்தைச் சுத்தமாக விட்டுவிட்டு வாருங்கள்.

மழைக்காலத்திலோ குளிர்காலத்திலோ வருகிறவர்களுக்கு நியூரம்பெர்க்கைச் சொல்வேன். அங்கே நிலவறைக்குள்ளேயே இறங்கலாம். பீர் காய்ச்சி விற்க விரும்புகிறவர் பத்து அடி ஆழத்தில், பதினாறு அடி அகலத்தில் சொந்த நிலவறை வைத்திருக்க வேண்டும் என்று 1380இலேயே அந்த ஊர்க் கவுன்சில் விதித்தது. அப்படித் தோண்டித் தோண்டிக் கோட்டைக்குக் கீழே பல அடுக்காகச் சுரங்கங்கள் உருவாகிவிட்டன. 1945 ஜனவரி 2ஆம் தேதிக் குண்டுவீச்சில் மேலே பழைய நகரம் தரைமட்டமானபோது, கீழே பாறைக்குள் ஒதுங்கியவர்கள் உயிர் தப்பினார்கள். நகரத்தின் கலைப் பொக்கிஷங்களையும் ஒரு பழைய பீர் நிலவறையில்தான் பத்திரப்படுத்தியிருந்தார்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். உள்ளே வருடம் முழுவதும் ஒரே குளிர், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் சிரமம். சுற்றி முடித்து மேலே வந்தால் பெர்க்ஸ்ட்ராசேயில் ஆல்ட்ஷ்டட்ஹோஃப் ஆலை. அங்கே அந்த ஊரின் சிவப்பு பீரும், விரல் நீளமே உள்ள நியூரம்பெர்க் தொத்திறைச்சியும் கிடைக்கும். அந்தத் தொத்திறைச்சி ஒவ்வொன்றும் 20, 25 கிராம்தான். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கையில் சொல்ல வேண்டும். ஆறு போதாது, பத்து சொல்லுங்கள்.

மாமா ஊருக்குக் கொண்டுபோக பாட்டில் கேட்டார். ஆலைக் கடையிலேயே அரை லிட்டர் பாட்டில் வாங்கலாம். இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுபோகலாம், ஆக நாலு பாட்டில். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். பெட்டிக்குள் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணி சுற்றி, நடுவில் வைக்க வேண்டும். அத்தை தன் பங்கு 2 லிட்டரையும் மாமாவுக்கே விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர் புடவைப் பெட்டியிலிருந்து ஐந்து கிலோ மாமா பெட்டிக்கு மாறியது.